கட்சி ஆதரவு இருந்தும் தோற்றவர், இல்லாமல் ஜெயித்தவர்: சியாட்டல் நகர மன்றத் தேர்தலைப் புரிந்துகொள்ள ஒரு விளக்கம்

சாதிப் பாகுபாட்டைத் தடை செய்த முதல் அமெரிக்க நகரம் என்று 2023 பிப்ரவரியில் சியாட்டல் செய்திகளில் அடிபட்டது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தவர் நகர மன்ற உறுப்பினர் க்ஷமா சாவந்த். புணேயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, மும்பையில் வளர்ந்து, பிறகு அமெரிக்கா போனவர். அவர் மன்றத்துக்குள் வந்த கதை, நம் ஊர்த் தேர்தல்களைப் பார்த்துப் பழகியவர்களுக்குப் புதிராகத்தான் இருக்கும். சியாட்டல் டெமாக்ரட் கட்சியின் கோட்டை. அங்கே அந்தக் கட்சியில் இல்லாத ஒருவர், 'சோஷலிஸ்ட் ஆல்டர்நேட்டிவ்' என்ற சின்னஞ்சிறு அமைப்பிலிருந்து வந்து, நான்கு முறை வென்று 16 ஆண்டுகளாக மன்றத்தில் இருந்த ரிச்சர்ட் கான்லினை 2013-ல் தோற்கடித்தார்.

எப்படி முடிந்தது? இதற்குப் பதில் சொல்ல, முதலில் ஒரு சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: 'எண்டார்ஸ்மென்ட்'. நம் செய்திகளில் இது சில நேரம் 'ஆதரவு தெரிவித்தது' என்று வருகிறது. சில நேரம் 'வேட்பாளராக அறிவித்தது' என்றே வந்துவிடுகிறது. இரண்டாவது தவறு. அந்தத் தவறிலிருந்துதான் மற்ற எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. இங்கே அதை 'ஆதரவு அறிவிப்பு' என்றே சொல்லிப் போகலாம்.

## வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரே கிடையாது

தமிழ்நாட்டில் மாநகராட்சிக் கவுன்சிலர் தேர்தலில் ஒருவர் கட்சி வேட்பாளர் என்றால், கட்சித் தலைமை கையெழுத்திட்ட படிவம் தேர்தல் அதிகாரியிடம் போக வேண்டும். அது போனால்தான் சின்னம் கிடைக்கும். 'சீட்டு கிடைத்தது', 'சீட்டு கிடைக்கவில்லை' என்று நாம் பேசுவதெல்லாம் இந்தப் படிவத்தைப் பற்றித்தான்.

சியாட்டலில் இப்படி ஒரு படிவமே இல்லை. நகர மன்றப் பதவி சட்டப்படி கட்சி சாராத பதவி. வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயர் மட்டும் இருக்கும். கட்சியும் இருக்காது, சின்னமும் இருக்காது. போட்டியிட விரும்புகிறவர் அந்தப் பதவியின் ஆண்டுச் சம்பளத்தில் 1 சதவீதத்தைக் கட்டணமாகக் கட்டினால் போதும். கட்ட வசதியில்லாதவர் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கித் தரலாம். எந்தக் கட்சியின் அனுமதியும் தேவையில்லை.

கட்சி சார்ந்த பதவிகளில்கூட, சியாட்டல் இருக்கும் வாஷிங்டன் மாநிலம் கட்சிகளுக்கு அதிக இடம் கொடுப்பதில்லை. மாநிலச் சட்டமன்றத் தேர்தலின் வாக்குச்சீட்டில் 'இன்ன கட்சியை விரும்புகிறார்' என்று வேட்பாளரே எழுதிக்கொள்ளலாம். கூடவே ஒரு குறிப்பும் அச்சாகியிருக்கும்: இந்த விருப்பத்தை வைத்து அந்தக் கட்சி இவரை நிறுத்தியது என்றோ, ஆதரிக்கிறது என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்சிகள் இதை எதிர்த்து வழக்குப் போட்டன. 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் மாநிலத்தின் முறை செல்லும் என்று சொல்லிவிட்டது.

அடுத்தது, இரண்டு கட்டத் தேர்தல். ஆகஸ்டில் முதல்கட்டம். அதில் எத்தனை பேர் நின்றாலும், முதல் இரண்டு இடம் பிடிப்பவர்கள் நவம்பருக்குப் போவார்கள். கட்சிக்கு ஒருவர் என்ற கணக்கெல்லாம் இல்லை. சியாட்டலில் ரிபப்ளிகன் கட்சிக்கு ஓட்டு மிகக் குறைவு என்பதால், நவம்பரில் பெரும்பாலும் இரண்டு டெமாக்ரட்டுகளே மோதுவார்கள்.

ஆக, சீட்டுக் கொடுக்கும் அதிகாரம் கட்சிக்குக் கிடையாது. அதனிடம் மிஞ்சியிருப்பது 'இவருக்கு ஓட்டுப் போடுங்கள்' என்று சொல்லும் உரிமை மட்டும். ஆதரவு அறிவிப்பு என்பது அதுதான்.

## அந்த அறிவிப்பு வெளிவரும் கூட்டம்

கட்சி என்றதும் மாநிலத் தலைமையோ தேசியத் தலைமையோ முடிவெடுக்கும் என்று நினைக்க வேண்டாம். சியாட்டல் நகரப் போட்டிகளில் முடிவெடுப்பவை மாநிலச் சட்டமன்றத் தொகுதிவாரியாக இயங்கும் உள்ளூர் டெமாக்ரட் அமைப்புகள். 36-வது தொகுதி டெமாக்ரட்டுகள், 43-வது தொகுதி டெமாக்ரட்டுகள் என்று எண்ணை வைத்தே அழைப்பார்கள். நகரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் இப்படி ஓர் அமைப்பு உண்டு.

நடைமுறை ஏறக்குறைய இப்படி இருக்கும். வேட்பாளர்களுக்கு நீளமான கேள்வித்தாள் போகும்: வாடகை, பேருந்து, காவல்துறை, வரி, வீடற்றவர்கள் என்று பல தலைப்புகள். பதில்களைப் பார்த்து ஒரு சிறு குழு பரிந்துரை செய்யும். அப்புறம் ஒரு மாலை நேரத்தில் பொதுக்கூட்டம். சந்தா கட்டிய உறுப்பினர்கள்தான் வாக்களிக்கலாம். கடைசி நேரத்தில் ஆள் சேர்ப்பதைத் தடுக்க, குறிப்பிட்ட நாளுக்கு முன்பே உறுப்பினராகியிருக்க வேண்டும் என்று விதி வைத்திருப்பார்கள். வேட்பாளர் சார்பில் ஓரிரு நிமிடம் பேசுவார்கள், எதிர்த்தும் பேசுவார்கள். பிறகு வாக்கெடுப்பு. வெறும் பெரும்பான்மை போதாது. 60 சதவீதம், சில இடங்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

இந்த உயர்ந்த எல்லைதான் முக்கியமான இடம். யாரும் அதை எட்டவில்லை என்றால், இருவருக்கும் சேர்த்து ஆதரவு என்று ஒரு தீர்மானம் வரலாம். அதுவும் தோற்றால், 'யாருக்கும் ஆதரவில்லை' என்று கூட்டம் முடியும். பல ஆண்டுகளாகப் பதவியில் இருப்பவருக்கு இந்தக் கடைசி முடிவு நல்ல அடி. சொந்தக் கட்சி ஆட்களிலேயே பத்தில் ஆறு பேரைத் திரட்ட முடியவில்லை என்று ஆகிவிடுகிறது அல்லவா? எதிர்த்து நிற்பவர் பல சமயம் ஆதரவு கேட்டு இந்தக் கூட்டங்களுக்கு வருவதில்லை. எதிராளிக்குக் கிடைக்காமல் தடுக்கத்தான் வருகிறார். செய்தியில் 'ஆதரவு இல்லை' என்ற முடிவைப் பார்த்தால் ஒன்றும் நடக்கவில்லை என்று கடந்துவிடக் கூடாது.

இன்னொரு விதி, சாவந்த் கதைக்கு நேரடியாகத் தேவையானது. டெமாக்ரட் அமைப்புகள் பொதுவாகத் தன்னை டெமாக்ரட் என்று சொல்லிக்கொள்பவரைத்தான் ஆதரிக்கும். வாக்குச்சீட்டில் கட்சி இல்லாவிட்டாலும், கூட்டத்தில் அது உண்டு. டெமாக்ரட் கட்சியும் பெருநிறுவனங்களின் கட்சிதான் என்று மேடையில் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு அந்தக் கதவு முதலிலிருந்தே மூடியிருந்தது.

கட்சி அமைப்புகளைத் தவிர ஆதரவு அறிவிப்பவர்கள் இன்னும் பலர்: தொழிற்சங்கங்கள், அவற்றின் கூட்டமைப்பான கவுன்ட்டி (நம் மாவட்டம் போன்றது) தொழிலாளர் கவுன்சில், வணிகச் சங்கம், சுற்றுச்சூழல் குழுக்கள், பத்திரிகைகள். சியாட்டலில் பத்திரிகைகளின் சொல்லுக்கு எடை அதிகம். 'சியாட்டல் டைம்ஸ்' நாளிதழ் ஒரு பக்கம் இழுக்கும், 'த ஸ்ட்ரேஞ்சர்' என்ற இடதுசாரிச் சாய்வுள்ள இதழ் இன்னொரு பக்கம். யாருக்குப் போட வேண்டும் என்ற பெயர்ப் பட்டியலை ஸ்ட்ரேஞ்சர் ஒரு சின்னத் துண்டாகவே அச்சிட்டுத் தரும். வாக்காளர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சீட்டை நிரப்பலாம்.

## ஓர் ஆதரவு அறிவிப்பால் என்ன கிடைக்கிறது?

1. அறிமுகம். வாஷிங்டனில் எல்லாத் தேர்தலும் தபால் வழிதான். வாக்குச்சீட்டு வீட்டுக்கு வரும். அதோடு கவுன்ட்டி அச்சிட்ட ஒரு கையேடும் வரும்: ஒவ்வொரு வேட்பாளரின் படம், சில பத்திகளில் அவர் கொள்கை. அந்தக் கொஞ்ச இடத்தில் வேட்பாளர்கள் கடைசிப் பத்தியைத் தங்களை ஆதரிப்பவர்களின் பட்டியலுக்காக ஒதுக்குவதைப் பார்க்கலாம். இடம் வீணாகவில்லை. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு சமையலறை மேசையில் சீட்டை விரித்து வைத்திருக்கும் ஒருவருக்கு, நீதிபதி, பள்ளி வாரியம், துறைமுக ஆணையம் என்று பத்துப் பதினைந்து பதவிகள் முன்னால் கிடக்கும். கட்சிப் பெயர் கிடையாது. முக்கால்வாசிப் பெயர்களைக் கேள்விப்பட்டதே இல்லை. அந்த நேரத்தில் 'செவிலியர் சங்கம் ஆதரிக்கிறது' என்ற ஒரு வரி கைகொடுக்கிறது.

2. ஆள். ஒரு தொழிற்சங்கத்தின் ஆதரவு என்றால் சனிக்கிழமை காலையில் கதவு தட்ட வரும் மனிதர்கள், போன் பேச உட்காரும் மனிதர்கள். என் பார்வையில் மூன்றில் இதுதான் மதிப்பு மிக்கது.

3. பணம். கட்சி அமைப்பு பெரிய தொகை தருவதில்லை. ஆனால் 'இவர் ஜெயிக்கக்கூடியவர்' என்று அது சொன்னதும் மற்றவர்கள் தரத் தொடங்குகிறார்கள்.

இதில் எதுவும் வாக்காளரைக் கட்டுப்படுத்தாது. எதிராளி நிற்பதையும் தடுக்காது. ஆக, இந்த மூன்றையும் வேறு வழியில் திரட்ட முடிந்தால், கட்சி ஆதரவு இல்லாமலும் ஒருவர் களத்தில் நிற்கலாம். 2013-ல் நடந்தது அதுதான்.

## 2013: எதிர்த்து நின்றவர் என்ன செய்தார்?

கதை ஓராண்டு முன்பே தொடங்குகிறது. 2012-ல் சாவந்த் மாநிலச் சட்டமன்றத்தின் ஓர் இடத்துக்குப் போட்டியிட்டார். ஸ்ட்ரேஞ்சர் தன் வாசகர்களிடம் வேறொன்று கேட்டது: அதே தொகுதியின் இன்னோர் இடத்தில், சபாநாயகர் ஃபிராங்க் சாப்புக்கு எதிராக, சாவந்தின் பெயரைக் கையால் எழுதுங்கள். வாக்குச்சீட்டில் அச்சாகாத பெயரை எழுதிச் சேர்க்க அங்கே இடமுண்டு. எழுதினார்கள். அவர் நின்ற இடத்திலும், நிற்காத இடத்திலும் அடுத்த கட்டத்துக்குத் தகுதி பெற்றார்! சபாநாயகரை எதிர்ப்பது என்று முடிவெடுத்தார். தோற்றார், ஆனால் 29 சதவீதம் வாங்கினார். ஒரு பத்திரிகையின் ஆதரவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, 2013. சியாட்டல் சென்ட்ரல் கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த சாவந்த், நகர மன்றத்தின் ஒன்பது உறுப்பினர் இடங்களில் இரண்டாம் எண் இடத்துக்கு நின்றார். அப்போது ஒன்பது உறுப்பினர்களையும் நகரம் முழுவதும் சேர்ந்தே தேர்ந்தெடுத்தது. வார்டு கிடையாது. புதியவருக்கு இது கஷ்டமான ஏற்பாடு. முழு நகரத்தையும் எட்டியாக வேண்டும்.

எதிரில் இருந்த கான்லின் கெட்ட பெயர் எடுத்தவர் அல்ல. மன்றத் தலைவராக இருந்தவர், சுற்றுச்சூழல் விஷயங்களில் உழைத்தவர். அவரிடம் ஒரு பலவீனம் இருந்தது. தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு தரும் சட்டம் 2011-ல் 8-க்கு 1 என்று நிறைவேறியபோது, அந்த ஒற்றை எதிர்ப்பு ஓட்டு அவருடையது. நல்லெண்ணத்தோடு போட்டதாகவே இருக்கட்டும்; எதிர்த்து நிற்பவருக்கு இதைவிட வசதியான ஒரு வரி கிடைக்காது.

சாவந்த் பிரசாரத்தின் மையம் ஒரே ஓர் எண்: மணிக்கு 15 டாலர் குறைந்தபட்சக் கூலி. அந்த ஆண்டு மாநிலத்தின் சட்டபூர்வக் கூலி 9.19 டாலர். துரித உணவுக் கடை ஊழியர்கள் மே மாதம் சியாட்டலில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். பக்கத்து விமான நிலைய நகரமான சீடாக்கில் அதே 15 டாலருக்கு மக்கள் வாக்கெடுப்பு நடக்கவிருந்தது. ஊரில் ஏற்கெனவே பேசப்பட்டுக்கொண்டிருந்த ஒன்றை அவர் தன் பெயரோடு சேர்த்துக் கட்டினார். ஜெயித்தால் 1,17,000 டாலர் அளவிலான சம்பளத்தில் 40,000 மட்டும் எடுத்துக்கொள்வேன் என்றும் சொன்னார்.

மூன்று பலன்களையும் அவர் எப்படி ஈடுசெய்தார் என்று பார்த்தால்:

1. அறிமுகத்துக்கு ஸ்ட்ரேஞ்சர் இருந்தது. 2012-ல் கிடைத்த பெயர் இருந்தது. 15 என்ற எண் இருந்தது.

2. ஆளுக்கு, அவருடைய அமைப்பும், பொருளாதார ஏற்றத்தாழ்வை எதிர்த்த 'ஆக்குபை' போராட்டத்திலிருந்து வந்த இளைஞர்களும், சில தொழிற்சங்கக் கிளைகளும். கவுன்ட்டி தொழிலாளர் கவுன்சிலில் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. அங்கே வாக்கெடுப்பில் பெரும்பான்மை அவர் பக்கம் விழுந்தது. மூன்றில் இரண்டு பங்கு என்ற எல்லையை எட்டாததால் ஆதரவு அறிவிப்பு வரவில்லை. வெளியே இருந்து பார்த்தால் 'ஆதரவு கிடைக்கவில்லை' என்ற ஒரு வரிச் செய்தி. உள்ளே இருந்தவர்களுக்கோ, நகரத்தின் தொழிற்சங்கப் பிரதிநிதிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரு சோஷலிஸ்ட் பக்கம் கை தூக்கிவிட்டார்கள் என்பது தெரியும்.

3. பணத்தில் அவரால் ஈடுகொடுக்க முடியவில்லை. சிறு நன்கொடைகள் வந்தன, கான்லின் அளவுக்கு இல்லை.

ஆகஸ்ட் முதல்கட்டத்தில் அவருக்கு 35 சதவீதம் கிடைத்தது. கான்லினும் பாதியைத் தாண்டவில்லை. பதவியில் இருப்பவர் முதல்கட்டத்தில் 50-க்குக் கீழே நின்றால், அவரை வேண்டாம் என்பவர்கள்தான் அதிகம் என்று பொருள்.

## பின்தங்கியவர் எப்படி முந்தினார்?

நவம்பர் 5 இரவு வெளியான முதல் எண்ணிக்கையில் கான்லின் 7 புள்ளிகளுக்கு மேல் முன்னிலை. நம் ஊராக இருந்தால் பட்டாசு வெடித்திருப்பார்கள்.

வாஷிங்டனில் வாக்குச்சீட்டு தேர்தல் நாளன்று தபால் முத்திரை பெற்றிருந்தால் போதும், செல்லும். ஆகவே முதல் இரவில் எண்ணப்படுவது முன்கூட்டியே அனுப்பியவர்களின் சீட்டு மட்டும். அவர்களில் வயதானவர்கள், சொந்த வீட்டுக்காரர்கள் அதிகம். இளைஞர்களும் வாடகைக்கு இருப்பவர்களும் கடைசி நாளில்தான் அனுப்புவார்கள். கவுன்ட்டி ஒவ்வொரு நாள் மாலையும் புதுக் கணக்கை வெளியிட, இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. நவம்பர் 12 அன்று சாவந்த் 41 ஓட்டு முன்னால் இருந்தார். 15-ம் தேதி கான்லின் தோல்வியை ஒப்புக்கொண்டார். இறுதிக் கணக்கு: சாவந்த் 93,682, கான்லின் 90,531.

சியாட்டலில் இது வழக்கமான போக்கு. அங்கே முதல் இரவுக் கணக்கை முடிவாக எடுத்துக்கொள்வது அவசரம்.

## ஒன்பதில் ஓர் இடம் வந்த பிறகு

சீடாக்கில் 15 டாலர் வாக்கெடுப்பு, மறு எண்ணிக்கைக்குப் பிறகு 77 ஓட்டில் வென்றது. சியாட்டலில் புதிய மேயர் எட் மரி வணிகர்களையும் தொழிற்சங்கங்களையும் ஒரு குழுவில் உட்காரவைத்தார். சாவந்தும் அதில் இருந்தார். வெளியே அவருடைய ஆட்கள், மன்றம் இழுத்தடித்தால் நேரடி வாக்கெடுப்புக்குப் போவோம் என்று கையெழுத்து வாங்கத் தொடங்கினார்கள். 2014 ஜூன் 2 அன்று, நிறுவனத்தின் அளவைப் பொறுத்துப் படிப்படியாக 15 டாலருக்கு உயர்த்தும் சட்டத்துக்கு ஒன்பது பேரும் வாக்களித்தார்கள்.

ஆறு மாதத்தில் இது நடந்தது. கட்சி அமைப்புகள் ஆதரிக்காத ஒருவருடைய கோரிக்கை, கட்சி ஆதரித்த எட்டுப் பேரின் ஓட்டோடு சட்டமானது. மற்ற எட்டுப் பேரும் அடுத்த தேர்தலில் யாரோ ஒருவர் தன் எதிரே வந்து நிற்பதைக் கற்பனை செய்து பார்த்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

2013 நவம்பரில் இன்னொரு மாற்றமும் வாக்கெடுப்பில் வென்றது: ஒன்பதில் ஏழு இடங்கள் இனி பகுதிவாரியாக. 2015 முதல் அது நடைமுறைக்கு வந்தது. பகுதி சிறிதாகும்போது கதவு தட்டுவதன் பலன் கூடுகிறது. சியாட்டலின் கேப்பிடல் ஹில் வட்டாரம் அடங்கிய மூன்றாவது பகுதியில் சாவந்த் 2015-ல் மீண்டும் வென்றார்.

2019-ல் சோதனை வேறு மாதிரி வந்தது. அமேசான் நிறுவனம் வணிகச் சங்கத்தின் தேர்தல் குழுவுக்கு அந்த ஆண்டு மொத்தம் 14 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தது. அக்குழு ஏழு இடங்களிலும் தனக்குப் பிடித்தவர்களை ஆதரித்தது. மூன்றாவது பகுதியில் அவர்கள் ஆதரித்த ஈகன் ஒரையன் முதல் இரவில் 8 புள்ளி முன்னிலை. அப்புறம் அதே பழைய கதை. தாமதமாக வந்த சீட்டுகளால் சாவந்த் ஏறக்குறைய 52 சதவீதத்தோடு ஜெயித்தார். அந்தக் குழுவின் ஏழு பேரில் வென்றவர்கள் இருவர். ஆதரவு அறிவிப்புக்கு ஒரு எதிர்விளைவும் உண்டு என்பதை இந்தத் தேர்தல் காட்டியது. யார் ஆதரிக்கிறார்கள் என்பது பெரிதாகத் தெரியத் தெரிய, அதுவே எதிராளியின் பிரசாரமாகிவிடுகிறது.

2021 டிசம்பரில் அவரைப் பதவிக்காலம் முடியும் முன்பே நீக்குவதற்கான வாக்கெடுப்பில் ஏறத்தாழ 300 ஓட்டு வித்தியாசத்தில் தப்பினார். 2023-ல் மீண்டும் நிற்கவில்லை.

## 2025: இந்த முறை வேறு திசையில்

2025-ல் சியாட்டல் மன்றத்தின் தலைவராக இருந்தவர் சாரா நெல்சன். மதுத் தயாரிப்புத் தொழில் நடத்தியவர், வணிகர்களுக்கு நெருக்கமானவர், டெமாக்ரட். நகரம் முழுவதும் வாக்களிக்கும் ஒன்பதாவது இடம் அவருடையது. எதிர்த்து நின்ற டியோன் ஃபாஸ்டரும் டெமாக்ரட். சாவந்தைப் போல வெளியிலிருந்து முட்டவில்லை அவர். நேராகக் கூட்டங்களுக்குள் போனார். தொகுதி டெமாக்ரட் அமைப்புகளில் பல அவர் பக்கம் சாய்ந்தன. ஸ்ட்ரேஞ்சரும், 'வொர்க்கிங் ஃபேமிலிஸ்' என்ற இடதுசாரிச் சாய்வுள்ள சிறு கட்சியும் அவரை ஆதரித்தன. சியாட்டல் டைம்ஸ் நெல்சன் பக்கம் நின்றது.

அந்தப் பொதுக்கூட்டங்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் மாறியிருந்தது. வாடகைக்கு இருப்பவர்களும், தொழிற்சங்க இளைஞர்களும் இப்போது சந்தா கட்டிய உறுப்பினர்கள். 2013-ல் மூடியிருந்த கதவு, தன்னை டெமாக்ரட் என்று சொல்லத் தயாராக இருந்த ஒருவருக்கு 2025-ல் திறந்தது. ஆகஸ்ட் முதல்கட்டத்திலேயே ஃபாஸ்டர் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கிவிட்டார். நவம்பரில் கடைசிச் சீட்டு வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. முதல் இரவிலேயே மன்றத் தலைவர் பெரும் வித்தியாசத்தில் பின்தங்கியிருந்தார்.